தண்ணீர் ஆகாத படிகத்துக்குத் தண்ணீரைக் கொண்டே ஓர் உறை

சீசியம் லெட் புரோமைடு நானோபடிகம் செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. வேதியியல் ஆய்வகப் பழக்கமும், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஒழுங்கான ஃப்யூம் ஹூட்டும் இருந்தால், ஒரு முற்பகலுக்குள் கண்ணைப் பறிக்கும் பச்சையைக் குப்பியில் பிடித்துவிடலாம். அந்தப் பச்சையை ஒரு மாதம் கழித்தும் அதே பச்சையாக வைத்திருப்பதுதான் வேலை. நான் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான். படிகத்தைச் சுற்றிச் சிலிக்கா உறை போட வேண்டும். போட்ட உறை உண்மையிலேயே காக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் "டிஎம்ஓஎஸ் சேர்த்துக் கலக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இது வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல. ஈய உப்புகள் நஞ்சு. டொலுயீன் ஆவியை மூச்சில் இழுக்கக்கூடாது. சிலிக்காவைத் தருகிற திரவமான, டிஎம்ஓஎஸ் என்று சுருக்கமாகச் சொல்கிற டெட்ராமெத்தில் ஆர்த்தோசிலிகேட் இவற்றைவிடப் பொல்லாதது. அதன் ஆவி கண்ணின் கருவிழிப் படலத்தைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கக்கூடும். பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் கறாரான விதி.

ஏன் இத்தனை பாடு

2015-இல் சூரிச் நகரின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் மக்சிம் கோவலென்கோவின் குழு இந்தப் படிகங்களைச் சூடான கரைசலில் செய்து காட்டியது. பச்சை ஒளிர்வின் உச்சம் 515 நானோமீட்டரை ஒட்டி வருகிறது, அகலம் 20 நானோமீட்டர் அளவுதான். உறிஞ்சிய நூறு ஒளித்துகள்களில் தொண்ணூறு வரை திரும்ப வெளியே வருகின்றன. அதுவும் மேலே எந்த உறையும் இல்லாமல். 2023-இல் வேதியியல் நோபல் வாங்கித் தந்த குவாண்டம் புள்ளிகளில் காட்மியம் செலினைடு போன்றவற்றுக்கு இந்த வசதி கிடையாது. மேற்பரப்பில் ஒரு குறை இருந்தாலும் அங்கே ஆற்றல் மாட்டிக்கொள்ளும். அதனால் மேலே துத்தநாக சல்பைடு உறை போட்ட பிறகுதான் நன்றாக ஒளிரும். நம் படிகம் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் வகையோ மேற்பரப்பில் சில குறைகள் இருந்தாலும் பொறுத்துக்கொண்டு ஒளிர்கிறது.

ஆனால் இது அடிப்படையில் ஓர் உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிற மாதிரி, இதற்கும் ஈரம் ஆகாது. இதில் உள்ள சீசியம் புரோமைடு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேலேயே கரையும். லெட் புரோமைடு பத்து கிராம் அளவுக்குத்தான் கரையும். ஆகவே தண்ணீர் பட்டால் முதலில் உருவப்படுவது சீசியம் புரோமைடு. மிச்சம் நிற்பது ஈயம் மிகுந்த வெளிறிய வேறொரு சேர்மம். பச்சை அங்கேயே போய்விடும்.

இன்னொரு பலவீனம் லிகண்டில், அதாவது படிகத்தின் மேற்பரப்பைப் போர்த்தும் மூலக்கூறுகளில் இருக்கிறது. வழக்கமான செய்முறையில் படிகத்தைப் போர்த்தியிருப்பவை ஒலியிக் அமிலமும் ஒலைல் அமீனும். இவை மேற்பரப்பில் நிலையாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அமிலமும் அமீனும் ஒன்றுக்கொன்று புரோட்டானைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஜோடியாகக் கழன்று போகும், திரும்ப வரும். ஒருமுறை கழுவினாலே பாதிப் போர்வை போய்விடுகிறது. சரி, காட்மியம் செலினைடுக்குப் போட்ட மாதிரி சல்பைடு உறையே போட்டுவிடலாமே என்றால், கரைசலில் இருக்கிற கந்தகம் ஈயத்தைப் பிடித்து லெட் சல்பைடாக்கும் ஆபத்து இருக்கிறது. எனவே பெரும்பாலோர் ஆக்சைடு பக்கமும் பாலிமர் பக்கமும் போகிறார்கள்.

பாலிமர் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் கரைசலில் படிகங்களைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவைத்தால் அழகான பச்சைப் படலம் கிடைக்கும். செய்வது சுலபம், பார்வைக்கும் நல்லது. ஆனால் பிஎம்எம்ஏ வழியாக நீராவி மெல்லக் கசியும். வெப்பம் 100 டிகிரியைத் தாண்டினால் இளகவும் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிமட்ட மாதிரியாக இதை எப்போதும் ஒன்று செய்து வைக்கிறோம். அதற்கு மேல் இதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உள்ளே இருக்கிற படிகம்

உறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே இருப்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் உறையின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு புரோமைடுகளையும் டிஎம்எஃப் கரைப்பானில் கரைத்து, லிகண்ட் சேர்த்து, அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து டொலுயீனில் சட்டென்று விடுவார்கள். உடனே பச்சை வந்துவிடும். ஆனால் அந்த டிஎம்எஃப் கலவையிலேயே தங்கிவிடுகிறது. படிகத்தைக் கரைக்கத் தெரிந்த ஒரு திரவத்தைப் படிகத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மேலே உறை போட முயல்வதில் அர்த்தம் இல்லை. அதனால் நாங்கள் டிஎம்எஃப் இல்லாத வழியை எடுத்துக்கொண்டோம். அறை வெப்பத்திலேயே, திறந்த காற்றிலேயே செய்யலாம்.

326 மில்லிகிராம் சீசியம் கார்பனேட்டை 10 மில்லிலிட்டர் ஆக்டனாயிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். அது அடங்கும்வரை மூடியை இறுக்கக்கூடாது. இன்னொரு குப்பியில் 367 மில்லிகிராம் லெட் புரோமைடும் 1.09 கிராம் டெட்ராஆக்டைல் அமோனியம் புரோமைடும் 10 மில்லிலிட்டர் டொலுயீனில். லெட் புரோமைடு தனியாக டொலுயீனில் கரையவே கரையாது. இந்த அமோனியம் உப்புதான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. கலங்கல் முழுக்கத் தெளியும்வரை ஸ்டிரரில் விட வேண்டும். தெளிந்த ஈயக் கரைசலில் 9 மில்லிலிட்டரை எடுத்து, அது வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒரு மில்லிலிட்டர் சீசியம் கரைசலை ஒரே மூச்சில் விடுகிறோம். அறை விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சைக் காட்டினால், பைப்பெட் முனை இருந்த இடத்திலிருந்து பச்சை கிளம்பிச் சுழலில் இழுபட்டுப் போவதும், இரண்டு மூன்று சுற்றுக்குள் குப்பி முழுக்கப் பற்றிக்கொள்வதும் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

சில நிமிடம் கழித்து மூன்றாவது லிகண்ட். டிடோடெசைல் டைமெத்தில் அமோனியம் புரோமைடு, சுருக்கமாக டிடிஏபி; டொலுயீனில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் கரைத்தது, 3 மில்லிலிட்டர். இதில் கொடுக்கவோ வாங்கவோ புரோட்டான் கிடையாது. அதனால் மேலே சொன்ன கொடுக்கல் வாங்கலில் கழன்று போகிற சிக்கலும் இல்லை. கூடவே ஒரு புரோமைடையும் கொண்டுவருவதால், படிக மேற்பரப்பில் காலியாகிப்போன புரோமைடு இடங்களும் நிரம்புகின்றன.

பிறகு எத்தில் அசிடேட் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல டொலுயீனில் கலைத்துக்கொள்ள வேண்டும். எத்தில் அசிடேட்டை அளவாகச் சேர்க்க வேண்டும். லேசாகக் கலங்கல் தட்டியதும் நிறுத்திவிடலாம். அசிட்டோன் வேகமாக வேலையை முடிக்கும். ஆனால் லிகண்டையும் சேர்த்து உருவிவிடும். இந்தக் கழுவலில் ஆக்டனாயிக் அமிலம் போய்விடுவது முக்கியம். அது மிச்சம் இருந்தால் அடுத்த கட்டத்தில் சேர்க்கிற அமீனை விழுங்கிவிடும்.

தண்ணீர்க் கணக்கு

சிலிக்கா எப்படி உண்டாகிறது? டிஎம்ஓஎஸ் மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து உடைகிறது, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சிலிக்காவாகின்றன, கழிவாக மெத்தனால் வெளியேறுகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் உறையே கிடையாது. எந்தப் பொருளிடமிருந்து படிகத்தைக் காக்க வேண்டுமோ, அதே பொருளை விட்டுத்தான் காவலைக் கட்ட வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவர் இதைப் பார்த்துவிட்டு, "தண்ணியே ஆகாதுன்னு சொல்லிட்டு நீங்களே தண்ணி காட்டுறீங்களே அக்கா?" என்று கேட்டார். சரியான கேள்வி. இந்தச் செய்முறை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது.

கணக்குப் போட்டால் நிலைமை தெளிவாகும். நாங்கள் 10 மில்லிலிட்டர் கரைசலுக்கு 20 மைக்ரோலிட்டர் டிஎம்ஓஎஸ் எடுக்கிறோம். அது 0.13 மில்லிமோல். ஒரு மோலுக்கு இரண்டு மோல் தண்ணீர் என்ற வீதத்தில், முழுக்கச் சிலிக்காவாக மாற ஏறத்தாழ 4.8 மில்லிகிராம் தண்ணீர் தேவை. அறை வெப்பத்தில் டொலுயீன் கரைத்து வைத்துக்கொள்ளும் தண்ணீரோ எடையில் 0.05 சதவீதத்தை ஒட்டித்தான். 10 மில்லிலிட்டருக்கு 4.3 மில்லிகிராம். அதாவது டொலுயீன் தன்னால் முடிந்த மட்டும் தண்ணீர் குடித்திருந்தாலும் தேவைக்குச் சற்றுக் குறைவுதான். பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்த டொலுயீனில் அவ்வளவும் இருக்காது. மிச்சத்தைக் காற்றில் உள்ள ஈரம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இது நமக்குச் சாதகமான விஷயம். சிரிஞ்சில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் அது டொலுயீனில் கரையாமல் துளியாகவே நிற்கும். துளியைத் தொட்ட படிகம் அங்கேயே போயிற்று. காற்றிலிருந்து வருகிற ஈரம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து வருகிறது. வந்த வேகத்திலேயே டிஎம்ஓஎஸ் அதைச் செலவழித்துவிட்டால் படிகத்தின் பக்கத்தில் தண்ணீர் சேரவே சேராது. ஆகவே மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எந்த வேகத்தில் வருகிறது என்பதே இங்கே பெரிது.

அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது சென்னை மாதிரி ஊரில் லேசில்லை. பகலில் ஏசி ஓடும்போது அறைக் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். மாலையில் ஏசியை நிறுத்திவிட்டுப் போனால் இரவு முழுக்க ஈரம் ஏறும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். குப்பியைத் திறந்து வைத்து இரவு முழுக்கக் கலக்குகிற செய்முறை ஒன்றுதான்; சித்திரையில் ஒரு பொருளும் ஐப்பசியில் வேறொரு பொருளும் வரும். "அறைக் காற்றில் கலக்கவும்" என்று எழுதுகிறவர்கள் அன்றைக்கு அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

இதற்குத் தீர்வு பழைய பௌதிக வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் ஓர் உப்பின் நிறைகரைசலை, அடியில் கரையாத உப்பும் மிச்சம் இருக்கும்படி வைத்துவிட்டால், உள்ளே காற்றின் ஈரப்பதம் அந்த உப்புக்கே உரிய ஓர் அளவில் நின்றுவிடும். 25 டிகிரியில் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதம், பொட்டாசியம் கார்பனேட் 43, சாதாரண உப்பு 75. ஒரு பழைய டெசிகேட்டரின் அடித்தட்டில் இந்தக் கரைசல், மேல்தட்டில் படிகக் கரைசல் உள்ள வாயகன்ற குப்பி. மொத்தத்தையும் ஃப்யூம் ஹூட்டுக்குள் ஸ்டிரர் மேல் தூக்கி வைத்துவிட்டோம். செலவு என்று பார்த்தால் உப்புக்கான காசுதான்.

75 சதவீதத்தில் குப்பி சீக்கிரமே பால் மாதிரி வெளுத்து, கலக்குவதை நிறுத்தியதும் எல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும். அதைக் காயவைத்தால் பச்சை இருக்கும், ஆனால் மங்கல். தண்ணீர்ச் சோதனையிலும் சீக்கிரம் விழுகிறது. 33 சதவீதத்தில் கரைசல் நெடுநேரம் தெளிவாகவே இருக்கிறது, உறை மெல்லிசாக வருகிறது, பாதி டிஎம்ஓஎஸ் வேலை செய்யாமலே நிற்கிறது. நாங்கள் நிலைத்தது பொட்டாசியம் கார்பனேட்டில். 43 சதவீதத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் மட்டும் தெரிகிற ஒரு நீலம் கலந்த மங்கல் மெல்ல வரும். அதுதான் நல்ல அறிகுறி. சிலிக்கா வளர்கிறது, இன்னும் கட்டியாகவில்லை என்று அர்த்தம்.

மெத்தனாலையும் மறந்துவிடக்கூடாது. 20 மைக்ரோலிட்டர் டிஎம்ஓஎஸ் முழுக்க எதிர்வினை செய்தால் ஏறத்தாழ 22 மைக்ரோலிட்டர் மெத்தனால் வெளியேறும். உள்ளே போன திரவத்தைவிட வெளியே வருகிற மெத்தனால் அதிகம். மெத்தனாலும் லிகண்டை உருவுகிற ஆசாமிதான். வாயகன்ற குப்பி இதற்கும் உதவுகிறது; ஈரம் உள்ளே வருகிற அதே வழியில் மெத்தனால் ஆவியாக வெளியே போகிறது. மூடிய குப்பியில் தேவையான தண்ணீரை முன்கூட்டியே விட்டுச் செய்தால் மெத்தனால் உள்ளேயே தேங்கும். ஒளிர்வு குறைந்துதான் வரும்.

நங்கூரம்

அமோனியம் லிகண்ட் போர்த்திய படிகத்தில் டிஎம்ஓஎஸ் மட்டும் விட்டால் எதிர்வினை மிக மெதுவாகத்தான் நகரும்; வந்த சிலிக்காவும் படிகத்தை விட்டுவிட்டுத் தனியே கரைசலில் திரண்டுவிடும். சிலிக்காவை முடுக்கவும், அது படிகத்தின் மேல்தான் வளர வேண்டும் என்று அதற்குக் காட்டவும் ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் ஏப்டெஸ், முழுப்பெயர் அமினோபுரோபைல் ட்ரைஎத்தாக்ஸி சிலேன். ஒரு முனையில் அமீன், அது படிக மேற்பரப்பைப் பிடிக்கும். மறுமுனையில் சிலேன், அது சிலிக்கா வலையில் சேரும். அமீனின் காரத்தன்மை டிஎம்ஓஎஸ்ஸையும் முடுக்கிவிடும். அமோனியாத் தண்ணீர் விட்டு முடுக்குகிற வழக்கமான முறையைவிட இது எவ்வளவோ மென்மையானது.

ஆனால் அளவு மீறக்கூடாது. 10 மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோலிட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம். அமீன் மிகுந்தால் அது லெட் புரோமைடைப் படிகத்திலிருந்து இழுத்துவிடும். எஞ்சுவது சீசியம் மிகுந்த, நான்கு சீசியத்துக்கு ஓர் ஈயம் என்ற வகை. அதற்கு நிறமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பச்சை மங்குவதற்கு முன்பே, சாதாரண வெளிச்சத்தில் கரைசலின் மஞ்சள் கலந்த பச்சை வெளிறத் தொடங்கும். கண் வைக்க வேண்டிய இடம் அதுதான். ஏப்டெஸ்ஸையும் டொலுயீனில் பத்து மடங்கு நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம், அரை மணி நேரம் பொறுத்துத்தான் டிஎம்ஓஎஸ் சேர்க்கிறோம். முதலில் நங்கூரம், பிறகு சுவர்.

மறுநாள் சுற்றிப் பிரித்து, வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் காயவைத்தால் மாவு மாதிரி ஒரு வெளிர் மஞ்சள் பொடி. எக்ஸ்ஆர்டியில், அதாவது எக்ஸ் கதிரைக் காட்டிப் படிக அமைப்பைக் கண்டறியும் சோதனையில், 15.2, 21.5, 30.6 டிகிரிகளில் பெரோவ்ஸ்கைட்டின் கோடுகள் இருக்க வேண்டும். 22 டிகிரியை ஒட்டி அகலமான மேடு தெரிந்தால் அது படிக ஒழுங்கு இல்லாத சிலிக்கா. 11.7-இல் கோடு தலைகாட்டினால் தண்ணீர் உள்ளே வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள், 12.7-ஐ ஒட்டி வந்தால் அமீன் அதிகம். இந்த இடங்களைப் பார்த்தே எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு படிகத்துக்கும் தனித்தனி உறை என்று வராது. ஒரு சிலிக்கா உருண்டைக்குள் பல படிகங்கள் முந்திரிப் பருப்பு பதித்த மாதிரி கிடக்கும். எல்இடிக்கு மேல் பூசுகிற பொடிக்கு இது போதும். மைபோல அச்சிடவோ மெல்லிய படலமாக்கவோ வேண்டுமென்றால் ஆகாது. உருண்டை பெரிது, ஒளியைச் சிதறடிக்கும்.

சோதனை

பொடியைத் தண்ணீரில் போட்டு, "இதோ இன்னும் ஒளிர்கிறது" என்று படம் எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. ஒட்டாத லிகண்ட் நிறைய உள்ள, உறையே இல்லாத பொடிகூடத் தண்ணீரில் மிதந்துகொண்டு கொஞ்ச நேரம் ஒளிரும். தண்ணீர் அதை நனைக்கவே இல்லை, அவ்வளவுதான். அதனால் பொடியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே வைத்து, ஒளிர்வின் அளவோடு உச்சத்தின் இடத்தையும் சேர்த்துக் குறிக்கிறோம். அளவு குறைந்து உச்சம் நகராமல் இருந்தால் சில படிகங்கள் முழுசாகக் கரைந்துபோகின்றன, மற்றவை நன்றாக இருக்கின்றன. உறையில் அங்கங்கே ஓட்டை. உச்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. உறை அவற்றைப் பிரித்தே வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

எனக்குப் பிடித்த சோதனை ஹாலைடு பரிமாற்றம். ஒலைல் அமோனியம் அயோடைடை டொலுயீனில் கரைத்து ஒரு துளி விட்டால், உறையில்லாத படிகங்களில் புரோமைடு வெளியேறி அயோடைடு உள்ளே புகும். பச்சை கண்ணெதிரே மஞ்சளாகி ஆரஞ்சாகும். உறை மூடியிருந்தால் பச்சை அப்படியே நிற்கும். பாதி மூடியிருந்தால் நிறமாலையில் 515-இல் ஓர் உச்சமும் அதற்கு அப்பால் இன்னோர் உச்சமும் பிரிந்து நிற்கும். இரண்டின் பரப்பையும் ஒப்பிட்டால் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்ற மதிப்பீடு கையில் கிடைத்துவிடும். சில நிமிடத்தில் முடிகிற சோதனை. தண்ணீர்ச் சோதனைக்கு நாள்கணக்கில் காத்திருப்பதற்கு முன் இதைச் செய்துவிடுகிறோம். இதில் தேறாத பொடியை மேலே கொண்டுபோவதே இல்லை.

ஒளிர்திறனை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளிர்திறன் ஏற்கெனவே தெரிந்த ஃப்ளூரசீன் சாயத்தைக் காரக் கரைசலில் வைத்து அதோடு ஒப்பிடும் முறை நல்லதுதான். ஆனால் அது தண்ணீரில், நம் படிகம் டொலுயீனில். ஒளிவிலகல் எண் 1.33-க்கும் 1.50-க்கும் உள்ள வித்தியாசத்தை இருமடியாகத் திருத்த வேண்டும். விட்டுவிட்டால் விடை ஏறத்தாழ 21 சதவீதம் குறைந்துபோகும். அப்புறம் உறை போட்ட பொடி ஒளியைச் சிதறடிப்பதால் அதற்கு இந்த முறையே செல்லாது. ஒளிச்சேர்ப்புக் கோளத்தில்தான் அளக்க வேண்டும்.

வெப்பத்துக்கு, சூட்டுத் தட்டில் 100 டிகிரிக்கு ஏற்றித் திரும்ப ஆறவிடுகிறோம். சூட்டில் மங்குவது பெரும்பாலான ஒளிர்பொருள்களுக்கு உள்ள இயல்பு. ஆறிய பிறகு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் உறையின் மதிப்பெண். ஒளிக்கு, 450 நானோமீட்டர் நீல எல்இடியின் கீழே வைக்கிறோம். முதலில் சிறிது நேரம் ஒளிர்வு ஏறும், பிறகே இறங்கும். ஆகவே விளக்கைப் போட்ட கணத்து அளவையே நூறு என்று வைத்துக்கொண்டால் முடிவு அழகாகத் தெரியும், ஆனால் உண்மையாக இருக்காது. எல்இடி சூடாவதால் வரும் தேய்மானத்தைப் பிரித்துப் பார்க்க, அதே சூட்டில் இருட்டில் ஒரு மாதிரியும் கூடவே இருக்க வேண்டும்.

டொலுயீனே இல்லாத வழி

இந்தச் சோதனைகளில் எங்கள் சிலிக்காப் பொடி தண்ணீரையும் அயோடைடையும் நன்றாகவே தாங்குகிறது. சூடும் நீல ஒளியும் ஈரமும் சேர்ந்து வரும்போதுதான் தளர்கிறது. காரணம் புரிகிறது. 60 டிகிரியில் காய்ந்த சிலிக்கா முழுக்க இறுகியது அல்ல. அகச்சிவப்பு நிறமாலையில் அலை எண் 1080-ஐ ஒட்டி சிலிக்கான்-ஆக்சிஜன் வலை பெரிதாகத் தெரிந்தாலும், 950 பக்கத்தில் கைகோக்காமல் விடப்பட்ட ஹைட்ராக்சில் முனைகளும் தெரிகின்றன. ஈரம் நுழைவது அந்த வழியில். இறுக வைக்கப் பல நூறு டிகிரி வேண்டும். லிகண்ட் போர்த்திய படிகம் அதைத் தாங்காது.

2020-இல் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைத் தலைகீழாகப் போட்டது. எம்சிஎம்-41 என்ற நுண்துளைச் சிலிக்காவை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் துளைகளுக்குள் சீசியம், லெட் புரோமைடுகளை இறக்கி, 600 முதல் 900 டிகிரி வரை சுட்டார்கள். படிகம் துளைக்குள்ளேயே உருவாகிறது. அதே சூட்டில் துளைகள் சரிந்து மூடிக்கொள்கின்றன. லிகண்டும் இல்லை, டொலுயீனும் இல்லை. வெந்த பொடி ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 50 நாள் தாங்கியதாக அவர்கள் காட்டினார்கள்.

நாங்களும் இப்போது மஃபில் உலையில் இதைச் செய்கிறோம். புரோமைடுகளின் நீர்க்கரைசலில் எம்சிஎம்-41-ஐ ஊறவைத்து, கிளறிக்கொண்டே உலர்த்தி, மூடியுள்ள மூசையில் சுடுவது. லெட் புரோமைடு 370 டிகிரிச் சொச்சத்திலேயே உருகிவிடும், மேலே போகப்போக ஆவியும் வரும். அதனால் உலை வாய்க்கு மேல் புகைபோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறிய பொடியை அரைத்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவுகிறோம். ஆம், தண்ணீரில்தான். துளை மூடாத படிகங்களெல்லாம் கரைந்து போய்விட வேண்டும். மூடியவை மட்டும் நிற்க வேண்டும். எல்இடிப் பொடிதான் நோக்கம் என்றால் இந்த வழியே மேல் என்பது என் முடிவு. டிஎம்ஓஎஸ் வழியின் இடம் வேறு: உருண்டையைச் சிறிதாக்க முடிந்தால், கரைசலில் இருக்க வேண்டிய, அச்சிடக்கூடிய, உறை மெல்லிசாக வேண்டிய படிகங்கள். அந்த ஆராய்ச்சிக்காகத்தான் உப்பு டெசிகேட்டரை இன்னும் கலைக்காமல் வைத்திருக்கிறேன்.

ஈயம்

உறைக்கு இன்னொரு கடமை இருக்கிறது. ஒளிர்வு காப்பதைவிட அதைப் பெரிதாக நினைக்கிறேன். உள்ளே இருக்கிற ஈயம் வெளியே வரக்கூடாது. மின்னணுச் சாதனங்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ரோஸ் விதியில் ஒரே சீரான பொருளில் ஈயம் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. ஆகவே பொடியை ஊறவைத்த தண்ணீரையும் ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சோதிக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொட்டாசியம் அயோடைடு விட்டு மஞ்சள் வருகிறதா என்று பார்க்கும் கல்லூரிச் சோதனை இதற்குப் போதாது. லெட் அயோடைடே லிட்டருக்கு 0.7 கிராமுக்கு மேல் கரையக்கூடியது. மஞ்சள் வரவில்லை என்பதற்காக ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. குடிநீர் எல்லையைப் போலப் பல மடங்கு இருந்தாலும் அந்தச் சோதனை மௌனமாக இருக்கும். சோடியம் சல்பைடு விட்டால் கருமை தட்டுகிறதா என்பது இதைவிட எவ்வளவோ நுட்பமானது. பொடிகளை விரைவாகத் தரம் பிரிக்க அதைப் பயன்படுத்துகிறோம். அமிலம் கலந்த நீரில் மட்டும் சல்பைடைச் சேர்க்கவே கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கடைசி எண்ணுக்கு, நீரில் உள்ள உலோகத்தை மிக நுட்பமாக அளக்கும் ஐசிபி கருவிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

கழுவிய தண்ணீர், எத்தில் அசிடேட், துடைத்த டிஷ்யூ, கையுறை எல்லாம் ஈயக் கழிவு என்று எழுதிய தனி டப்பாவுக்குப் போகின்றன. சிங்க்கில் ஒரு சொட்டும் விடுவதில்லை. இப்போது உலைப் பொடியும் டிஎம்ஓஎஸ் பொடியும் ஒரே சூட்டில் ஒரே நீல விளக்கின் கீழ் அருகருகே இருக்கின்றன, ஊறவைத்த தண்ணீர் மாதிரிகள் ஐசிபி வரிசையில் காத்திருக்கின்றன. உலைப் பொடியில் 700-க்கும் 800-க்கும் இடையே எந்த வெப்பத்தில் துளை முழுக்க மூடுகிறது என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.